சீனாவுக்கு ஒரு வாரம், அருளாயிக்கு ஒரு வாரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஒரு சண்டை நடந்தது.

சபையில் சண்டை என்பது ஒரு செய்தியே அல்ல. ஆர்மோனியம் யார் வாசிப்பது, பண்டிகைப் பந்தலை யார் போடுவது, முன் பெஞ்சில் யார் உட்காருவது — இவற்றுக்கெல்லாம் நாங்கள் சண்டையிட்டதுண்டு. அடுத்த வாரமே சேர்ந்து நின்று பாடியதும் உண்டு. ஆனால் இந்தத் தடவை சண்டை சீன தேசத்தைப் பற்றி! சீனா எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் எங்களில் பாதிப் பேர் கூரையைப் பார்ப்பார்கள். இருந்தாலும் கட்சி கட்டிவிட்டோம்.

ஒரு காலத்தில் இத்தகைய விவாதங்கள் எனக்கு உற்சாகம் தந்தன. இப்போது சாய்மானம் உள்ள பெஞ்சாகப் பார்த்து உட்காருகிறேன். அவ்வளவுதான்.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தை வாரந்தோறும் வாசிக்கும் அன்பர்களில் பலர் எங்கள் சமயத்தார் அல்லர். அவர்களுக்காக ஒரு வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். பிடி அரிசி என்று அதற்குப் பெயர். எங்கள் வீடுகளில் ஒவ்வொரு வேளையும் உலைக்கு அரிசி அளந்த பிறகு, அளந்ததிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியாக ஒரு சட்டியில் போட்டு வைப்பார்கள். மூட்டையிலிருந்து எடுத்துப் போடக்கூடாது. அளந்ததிலிருந்துதான் எடுக்க வேண்டும். அப்போதுதான் அந்த வேளைச் சாப்பாடு ஒரு பிடி குறையும். குறையாவிட்டால் அது காணிக்கை ஆகாது என்பது பெண்களின் சித்தாந்தம். ஆண்களாகிய நாங்கள் எழுதிய சித்தாந்தங்களைவிட அது எளிமையானது.

சனிக்கிழமைதோறும் ஒருத்தி துணிப்பையோடு வீடு வீடாக வந்து அந்த அரிசியை வாங்கிப் போவாள். ஆலயத்தில் உள்ள பெரிய கூடையில் கொட்டுவாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைப் பெரியவரான மூப்பர் தம் கையால் அதைச் சபையின் ஏழைகளுக்கு அளந்து கொடுப்பார்.

சேகரிக்கிறவளின் பெயர் அருளாயி. கூடையிலிருந்து வாங்கிக்கொள்கிறவளின் பெயரும் அருளாயிதான்.

முசரவாக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவன் இல்லை, இரண்டு பெண்கள். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தறி வீட்டில் தார் சுற்றுகிறாள் — தறியில் குறுக்கே ஓடும் ஓடத்துக்குள் வைக்கும் சிறு குச்சியில் பட்டு நூலைச் சுற்றிக் கொடுக்கும் வேலை. சில மாதங்களாக நூல் வரத்து இல்லை. தறிகள் நிற்கின்றன. தறி நின்றால் முதலில் அணைவது தார் சுற்றுகிறவளின் அடுப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எப்போதோ யாரோ சந்தேகப்பட்டதன் பேரில் சபைக் கமிட்டி ஒரு விதி செய்து வைத்திருக்கிறது. சேகரிக்கிறவள் எந்த வீட்டிலும் தனக்கென்று அரிசி வாங்கக்கூடாது. தன் பங்கைக் கூடையிலிருந்து மட்டுமே பெறவேண்டும். மீறினால் பை வேறு கைக்குப் போகும். விதி செய்த காலத்தில் அவளுடைய மாமியார் சேகரித்துக்கொண்டிருந்தாள். அருளாயி பையையும் விதியையும் சேர்த்தே பெற்றுக்கொண்டாள்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

எங்கள் போதகரை நாங்கள் ஐயர் என்று அழைப்போம். இளைஞர். பெங்களூரில் படித்தவர். நல்லவர். நல்லவர்களுக்கே உரிய ஒரு குறை அவருக்கும் உண்டு — ஒரு நற்காரியம் தம் மனத்தில் பட்டுவிட்டால், அன்றைக்கே அது எல்லோர் மனத்திலும் பட்டாக வேண்டும்.

ஆராதனை முடிந்து சபைக் கூட்டம் தொடங்கியதும் அவர் எழுந்தார். சீன தேசத்தில் மழை பொய்த்துப் பெரும் பஞ்சம் என்றார். ஜனங்கள் மரப்பட்டையைத் தின்கிறார்கள், வேறு ஊர்ச் சபைகள் உதவி அனுப்பத் தொடங்கிவிட்டன, நாம் மூன்று மாதத்துப் பிடி அரிசியை விற்று அனுப்பினால் என்ன என்று கேட்டார்.

மூப்பர் சாமுவேல் எழுந்தார். பட்டு நூல் கடை வைத்திருப்பவர். குரல் கொஞ்சம் பெரிது.

"ஐயரே, ஒரு வார்த்தை. பஞ்சம்னா பாவந்தான். நான் ஒன்னும் கல்லு மனசுக்காரன் இல்ல. ஆனா நம்ம ஊர்த் தெருவுல ஒரு நட நடந்து பார்த்தீங்களா? தறிச் சத்தமே காணோம். எழவு வூடு மாரி இருக்குது. சீனத்து நூலு வரலன்னுதானே இந்தக் கதி? நூல அனுப்பாதவனுக்கு நாம்ப அரிசி அனுப்பணுமா?"

பின் பெஞ்சில் சிரிப்பு.

"பட்டுப்பூச்சிக்குப் போட முசுக்கொட்டை இலை இல்லை, மூப்பரே," என்றார் ஐயர். "இலையை மனுஷனே திங்கறான். நூல் எங்கேர்ந்து வரும்?"

"அப்போ அரிசிய வுட்டுட்டு இலைய அனுப்புங்க!"

மறுபடியும் சிரிப்பு. பஞ்சம் வந்த மாகாணம் வேறு, நூல் வரும் மாகாணம் வேறு. இரண்டுக்கும் நடுவே வெகு தூரம். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தே வயதானவன் நான். அது எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சண்டையின் நடுவே பூகோளம் சொல்கிறவனை இரண்டு கட்சியும் சேர்ந்து அடிக்கும்.

ஐயர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "தாது வருஷப் பஞ்சத்துல இந்த ஊருக்குக் கஞ்சி ஊத்தினது யாரு? கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவங்க. காஞ்சிபுரம்னு சொல்லக்கூட அவங்க நாக்கு திரும்பாது. அந்தக் கஞ்சி இல்லேன்னா இங்கே உட்கார்ந்திருக்கிற பாதிப் பேருக்குத் தாத்தாவே இல்லை."

"அந்தக் கஞ்சிக்குத்தான் இன்னிக்கும் பேச்சு வாங்கிக்கினு இருக்கறோம்!" சாமுவேலின் குரல் இப்போது உண்மையாகவே உயர்ந்தது. "கடையில வெல படியலன்னா, கஞ்சிக்காக மதம் மாறி வேதத்துல சேர்ந்தவந்தானேன்னு சொல்லிட்டுப் போறான். என் காதுபடச் சொல்றான். அந்தப் பேச்ச சீனாக்காரனுக்கும் வாங்கிக் குடுக்கணுமா ஐயரே?"

யாரும் சிரிக்கவில்லை.

ஐயர் மெதுவாகச் சொன்னார்: "பக்கத்துல இருக்கறவனுக்குக் கொடுத்தா, நம்மைப் பார்க்கும்போதெல்லாம் கடன்பட்டவன் மாதிரி அவன் எழுந்து நிக்கிறான். தூரத்துல இருக்கறவன் நிக்கமாட்டான். நம்ம பேர்கூட அவனுக்குத் தெரியாது. அதனாலதான் கேக்கறேன்."

இரண்டு பேரும் சரியாகவே பேசினார்கள். அதுதான் சங்கடம். ஒருவர் தவறாகப் பேசியிருந்தால் கூட்டம் சீக்கிரம் முடிந்திருக்கும். அயலான் யார் என்பது வேதாகமத்தில் வரும் பழைய கேள்வி. வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு இரங்கிய அந்நியனே என்று அதற்குக் கிடைத்த பதிலை நாங்கள் எல்லோரும் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்திருக்கிறோம். மனப்பாடம் செய்தவர்கள்தான் அதிகம் சண்டை போடுகிறோம்... வாதம் தீர்ந்துபோனால் மனிதர்கள் என்ன செய்வார்கள்? உதாரணம் தேடுவார்கள். உதாரணம் எப்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

சாமுவேல் பெண்கள் பக்கம் கையை நீட்டினார். "அருளாயி! எழுந்து நில்லும்மா. பாருங்க ஐயரே, நல்லாப் பாருங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்க. வூட்டுல தாரும் இல்ல, சோறும் இல்ல. இவளத் தாண்டிக்கினு சீனாவுக்குப் போவணுமா?"

அருளாயி எழுந்திருக்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐயர் என் பக்கம் திரும்பினார். அடுத்த உதாரணம் நான்தான் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மாஸ்டர் இங்கேதான் இருக்கார். அவர் மகன் சண்டையில அடிபட்டவங்களுக்கு மருந்து கட்டறதுக்காக, பட்டாளத்தோட கடல் தாண்டி பஸ்ரா வரைக்கும் போன பிள்ளை. அங்கே ஜுரத்துல கிடந்தப்போ அவன் வாயில தண்ணி விட்டது யாரு? நம்ம சபையா? மூப்பரா? பேர் தெரியாத, பாஷை தெரியாத யாரோ ஒருத்தர். அந்த ஒருத்தர், 'எங்க ஊர்லயே ஆயிரம் பேர் கிடக்கறான், இவன் எதுக்கு' அப்படின்னு போயிருந்தா?"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் கைத்தடியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன்.

ஐயர் சொன்னதில் பொய் இல்லை. யாரோ தண்ணீர் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நானும் என் மனைவியும் நம்புகிறோம். அந்த நம்பிக்கையைத் தவிர எங்களிடம் வேறு செய்தி கிடையாது. ஜுரம் என்று ஒரு வரி வந்து நான்கு வருஷமாகிறது. வீட்டில்கூட அந்த நம்பிக்கையை நாங்கள் உரக்கச் சொல்லிக்கொண்டதில்லை.

"நீங்களே சொல்லுங்க மாஸ்டர்," என்றார் ஐயர், மிகுந்த அன்போடு.

"எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை," என்றேன்.

அப்போதுதான் அருளாயி எழுந்தாள்.

"நான் ஒன்னு சொல்லட்டுங்களா?"

எங்கள் கூட்டங்களில் பெண்கள் பேசுவது வழக்கமில்லை. சொல்லலாம் என்று யாரும் சொல்லவில்லை; கூடாது என்றும் சொல்லவில்லை. அவள் பேசினாள்.

"சாமுவேல் அண்ணே, எனக்கு அரிசி வேணும். வேணாம்னு பெரிய மனுஷி மாரி பேச மாட்டேன். புள்ளைங்க பசின்னுதுங்க. ஆனா என்னக் கை நீட்டி நீட்டிக் காட்டாதீங்க. நான் இன்னா, உங்க கடை வாசல்ல தொங்கவுட்ட நூல்கட்டா?"

பின் பெஞ்சு சிரிக்கப் பார்த்து, நிறுத்திக்கொண்டது.

"அங்க ஒரு புள்ள பசியில செத்துதுன்னா, அருளாயி வூட்டுக்கு வேணும்னு நிறுத்திட்டோம்னு எந்தலையில எழுதாதீங்க. அனுப்பறதோ அனுப்பாததோ, நீங்க பார்த்துக்குங்க. எம்பேரு வேணாம்." பிறகு ஐயரைப் பார்த்தாள். "மாஸ்டர் புள்ளயையும் வுட்டுடுங்க ஐயரே. அந்தப் புள்ளயப் பெத்தவங்க இங்க எம்பக்கத்துலதான் உக்காந்துக்கினு இருக்கறாங்க."

மரகதம் — என் மனைவி — அவள் பக்கத்துப் பாயில்தான் உட்கார்ந்திருந்தாள். அதை ஐயர் கவனிக்கவில்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானே திரும்பிப் பார்க்கவில்லை.

கமிட்டி என்று ஒன்று இருந்தால் அது ஏதாவது தீர்மானம் செய்துதானே ஆகவேண்டும்? ஒருவர் எழுந்து யோசனை சொன்னார்: ஒரு வாரத்து அரிசி சீனாவுக்கு, அடுத்த வாரத்து அரிசி உள்ளூருக்கு, இப்படியே மாற்றி மாற்றி மூன்று மாதம். ஆமோதித்தவன் நான். கூட்டம் முடியவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் இருக்கவில்லை.

ஏகமனதாக நிறைவேறிற்று. சாமுவேலும் ஐயரும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஜெபம் செய்தோம். எல்லோருக்கும் பரம திருப்தி. நீதி என்றால் சரிபாதி என்று நினைப்பது படித்தவர்களின் வழக்கம். இரண்டு பெண்பிள்ளைகள் ஒரு வாரம் சாப்பிட்டு, ஒரு வாரம் சும்மா இருக்கவேண்டும் என்பதுதான் அந்தத் தீர்மானத்தின் பொருள் என்று அந்த அறையில் இருந்தவர்களில் ஒருத்திக்குத்தான் உடனே விளங்கியிருக்கும். அவள் பேசவேண்டியதைப் பேசி உட்கார்ந்துவிட்டாள்.

முதல் வாரம் சீனாவின் வாரம்.

நேற்றுக் காலை அருளாயி பையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் கூடத்தில் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். மரகதம் சட்டியைக் கொண்டுவந்து பையில் சாய்த்தாள்.

"இந்த வாரம் சீனாவுக்கா?"

"ஆமாம்மா. சீனா வாரம்."

"உனக்கு?"

"எனக்கு வர்ற வாரம்."

"பொண்ணுங்க?"

"பெரியவ ஒரு வூட்டுல கைப்புள்ளயப் பார்த்துக்கப் போயிருக்கறா. சின்னவ தூங்கிக்கினு இருக்கறா." அருளாயி சிரித்தாள். "தூங்கினா பசி தெரியாதும்மா. சீனாக்காரங்களுக்கும் எழுதிப் போடச் சொல்லுங்க ஐயர."

மரகதம் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு படி அரிசியோடு திரும்பி வந்தாள். அருளாயி ஓர் அடி பின்னால் நகர்ந்தாள்.

"வேணாம்மா. விதி இருக்குது. நாளைக்கு எவளாச்சும் எம்பையப் பார்த்துப் பேசுவா. இருக்கற பையும் போயிடும்."

மரகதம் என் பக்கம் திரும்பினாள். "நீங்க கமிட்டியில இருக்கீங்கதானே? சொல்லுங்க."

"விதி இருக்கத்தான் இருக்கிறது," என்றேன்.

"அரிசியப் பத்தித்தானே?"

"ஆமாம்."

"சோத்தப் பத்தி இருக்குதா?"

யோசித்துப் பார்த்தேன். கூடை, பை, மூப்பர், அளவு, கிழமை — எல்லாவற்றுக்கும் விதி உண்டு. சோற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

விதி எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அப்படி ஒன்று நடக்கக்கூடும் என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. ஆலயத்தில் நாங்கள் எல்லோரும் ஒரே பாத்திரத்தில் நற்கருணை வாங்குகிறோம். ஆனால் அருளாயியின் தெருவார் எங்கள் தெரு அடுக்களைகளில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மரகதத்தின் பிறந்தகத்தில் அது கனவிலும் நடந்திராது. என் வீட்டிலும் நேற்றுவரை நடந்ததில்லை, ஒளிப்பானேன்? சீன தேசத்தானைச் சகோதரன் என்று சொல்ல எங்கள் சபையில் ஒருவருக்கும் தயக்கமில்லை. அவன் எங்கள் பந்தியில் வந்து உட்காரப் போவதில்லை. 'இவளைத் தாண்டிப் போவதா' என்று சாமுவேல் கேட்டாரே — தாண்டித்தான் நாங்கள் தினந்தோறும் போய்க்கொண்டிருக்கிறோம், சீனாவுக்கு அல்ல, கடைத்தெருவுக்கு.

"இல்லை," என்றேன். "சோற்றைப் பற்றி விதி இல்லை."

"உள்ள வா அருளாயி."

"கொல்லப் பக்கம் உக்காந்துக்கறேம்மா..."

"இலை இங்க அடுக்களையில போட்டுட்டேன். வா."

அவள் வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தாள். நான் பத்திரிகையைப் பார்த்தேன். அவள் பையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடுவே ஒரு சுவர்தான். முதலில் பாத்திரச் சத்தம்தான் கேட்டது. பிறகு மரகதத்தின் குரல்: "சாயங்காலம் ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வா. சீனா வாரமெல்லாம் வா."

"தினத்துக்குமா? ஊரு பேசும்மா."

"பேசட்டும். இவங்க தீர்மானம் போட்டாங்க இல்ல? இது என் தீர்மானம்."

"உங்களதுக்கு ஆமோதிக்கறது யாரும்மா? மாஸ்டரா?"

மரகதம் சிரித்த சத்தம் கேட்டது. இந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு வெகு நாளாகிறது. பத்திரிகையின் ஒரே வரியை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன்.

"கத்திரிக்கா ருசியா இருக்குதும்மா," என்றாள் அருளாயி. "கொஞ்சம் அடிப்புடிச்சிக் கருகிடுச்சி போல."

"கருகல. கருக்கினேன்."

"மாஸ்டருக்கு அப்படித்தான் புடிக்குமா?"

"இவங்களுக்கு இல்ல. ஆசீருக்கு. ஓரமெல்லாம் கறுத்து மொறுமொறுன்னு இருந்தாத்தான் தொடுவான்."

"தம்பி பேரு ஆசீருங்களா? எனக்குத் தெரியாதேம்மா. எல்லாரும் மாஸ்டர் புள்ள, மாஸ்டர் புள்ளன்னுதான் சொல்றாங்க."

அதன் பிறகு மரகதம் பேசத் தொடங்கினாள். சின்ன வயதில் அவன் என்ன சாப்பிடுவான், எதைத் தள்ளுவான், காய்ச்சல் வந்தால் யார் மடியில் படுப்பான்... எல்லாவற்றையும். பை நிறைய அரிசியோடு அருளாயி புறப்பட்டபோது வெயில் ஏறியிருந்தது. அந்த அரிசியில் ஒரு மணி குறையாமல் சீனாவின் கூடையில் விழுந்தது என்று கேள்விப்பட்டேன்.

நான்கு வருஷமாக அந்தக் கத்திரிக்காயை நானும் தின்றுவருகிறேன். மரகதத்துக்கு வயதாகிவிட்டது, பாவம், அடுப்பைக் கவனிக்க அவளால் முடியவில்லை என்றுதான் எண்ணியிருந்தேன்.